ஓதம்

கொத்தனார் வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் காட்ட வீட்டுக்காரர் காத்திருந்தார். கொத்தனாரோ நேராகப் பின்கட்டுக்குப் போய், சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டார். இடுப்புக்கு மேலே சுவர் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"ஓதம் ஏறியிருக்கு. பாத்ரூம் எத்தனைன்னு சொன்னீங்க?"

"ஆறு."

"ஆறா?" என்று மச்சை அண்ணாந்து பார்த்தார்.

ராஜபாளையத்தின் பழைய தெருவொன்றில் இருக்கிறது அந்த வீடு. பிள்ளைகள் வெளியூர்களில். வீட்டை விற்கவும் மனமில்லை, பூட்டி வைக்கவும் முடியவில்லை. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள் கோயிலுக்கும் ஆடிப்பூரத் தேருக்கும் வருபவர்கள், அய்யனார் அருவிக்குப் போகிறவர்கள், மில் வேலையாக வந்து தங்குகிறவர்கள் என்று ஊருக்கு ஆள் வரத்து உண்டு. ஆறு அறை போட்டு விடுதியாக்கலாம் என்பது குடும்பத்தின் யோசனை. மதுரையிலிருந்து ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் வரைபடம் போட்டிருந்தார். பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு அந்தத் தூண்களைப் பற்றி எழுதத்தான் ஆசை. ஆனால் கூடவே இருந்த நான்கு நாளும் பேச்சு தண்ணீரைப் பற்றியே இருந்தது.

"இதக் கட்டுனவுங்க வீட்டுக்குள்ள தண்ணியே விடல தம்பி" என்றார் கொத்தனார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். குளியல் கிணற்றடியில். கக்கூஸ் கொல்லைக் கோடியில். அடுப்படியில் பாத்திரம் கழுவ ஒரு அங்கணம், அதற்கு ஒரு தூம்பு. மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, அதற்கென்று விட்ட வழியே தெருவுக்குப் போய்விடும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய அகலச் சுவர்கள் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நின்றன. நமக்கோ கட்டிலிலிருந்து பத்தடியில் ஷவர் வேண்டும். பழைய வீட்டை ஓட்டலாக்குவது என்றால் ஓவியமும் ஊஞ்சலும் நினைவுக்கு வருகின்றன. வேலை செய்கிறவருக்கு அது, தண்ணீர் படாத சுவருக்கு நடுவே தண்ணீரைக் கொண்டுவரும் வேலை.

உப்புப் பூத்த சுவருக்கு வருகிறேன். முன்பு யாரோ ஓதத்தை அடக்குவதாக எண்ணி, நாலடி உயரத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறி வெயிலில் உலர்ந்துபோகும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றது. பூச்சு முடிந்த இடத்துக்கு மேலே ஏறி, அங்கே உப்பாகக் கக்கியது. கொத்தனார் உளியால் தட்டியதும் சிமென்ட் பாளம் பாளமாக விழுந்தது. பின்னால் இருந்த செங்கல் விரலால் கீறினாலே உதிர்ந்தது.

இதை ராஜபாளையத்தில் நின்று சொல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. இது சிமென்ட்காரர்களின் ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியவர். 1957இல் மெட்ராஸ் சிமென்ட்ஸ் கம்பெனியும் அவரால் உருவானது. இன்றைய ராம்கோ அதுதான். விருதுநகர்ப் பக்கம் முதல் ஆலை எழுந்தபின் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்பு அரைக்கும் செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. "எங்கப்பாவே விட்டுட்டாரு" என்றார் கொத்தனார். "பையப் பிரிச்சமா, கொழச்சமா, மறுநாள் இறுகிருச்சு. சுண்ணாம்புக்கு யாரு காத்துக்கெடப்பா?" அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாரக்கூலியில் பிழைக்கிறவருக்குக் காத்திருப்பது என்பது அரிசி வாங்காத நாள்.

அப்படியானால் இவர் சுண்ணாம்பு வேலையை எங்கே கற்றார்? காரைக்குடிப் பக்கம். அதுவும் ஓட்டல் வேலையில். கானாடுகாத்தானில் விசாலம், காரைக்குடியில் 'தி பங்களா', கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்தில் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் மீட்டெடுத்த சாரதா விலாஸ் என்று செட்டிநாட்டு வீடுகள் கடந்த சில பத்தாண்டுகளில் விடுதிகளாயின. அந்தச் சுவர்களுக்குச் சிமென்ட் உதவாது. அதனால் அரைக்கத் தெரிந்த கிழவர்களைத் தேடிப் பிடித்தார்கள். அப்படி ஒரு கிழவரிடம் எடுபிடியாக நின்றவர் இவர். அப்பா கைவிட்டதை மகன் ஊர் பேர் தெரியாத விருந்தாளிகளுக்காகப் படித்துக்கொண்டார். செட்டியார் வீட்டை ஓட்டலாக்குவதைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். இப்போது அவ்வளவு வேகமாகச் சுளிக்க முடியவில்லை.

கொல்லையில் ஒரு தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பீப்பாயில் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுப் புளிக்கவிட்ட தண்ணீர். மூடியைத் திறந்தால் பழங்கள்ளு வாடை. மாட்டுச்செக்கு இல்லை, மோட்டார் கல்லில்தான் அரவை. மணலும் சுண்ணாம்பும் வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைத்து, சுவரில் ஒரு கை பூசி, நாள் கணக்கில் விட்டு, அடுத்த கை. செட்டிநாட்டுப் பூச்சென்றால் கடைசிக் கையில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவார்கள். இங்கே அது கேட்கப்படவில்லை. மணியாசுக்கட்டைத் தேய்ப்போடு சரி. காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்து, சுட்டதற்கு முன்பிருந்த கல்லாகவே சுண்ணாம்பு திரும்புகிறது. அவசரப்படுத்தினால் வெடித்துவிடும்.

மச்சுக்கு மேலே நாலு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டுக்கட்டையால் தளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். தேக்கு உத்தரம், அதன்மேல் சாய்த்துக் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். மெட்ராஸ் டெரஸ் என்று படித்தவர்கள் சொல்வது, இங்கே மட்டப்பா. ஒழுகிய பகுதியைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்று ஒரு அக்காவிடம் கேட்டேன்.

"மொத நாளு 'தொப்பு'ங்கும். கட்டை எந்திரிச்சு வந்து கைக்குத் தானா நின்னா போதும்."

காதாலும் மணிக்கட்டாலும் அறிகிற கணக்கு அது. முப்பது வருஷம் இதைச் செய்தாலும் அவருக்குப் பெயர் சித்தாள்தான், கூலியும் சித்தாள் கூலிதான். 'கைவினை மீட்பு' என்று கட்டுரை எழுதும் நாங்களும் கொத்தனாரைத்தான் படம் பிடிக்கிறோம். நானும் அன்று அதையே செய்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கொத்தனாரோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அவர் வீடு அங்கே. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தமிழக அரசு முத்திரையில் உள்ளதாகச் சொல்லப்படும் வடபத்ரசாயி கோயில் கோபுரம், 11 நிலை, சுமார் 192 அடி, தூரத்திலிருந்தே தெரிந்தது. "அடியில தான் கல்லு. மேல பூரா செங்கலும் காரையும்" என்றார், தன் தாத்தா கட்டியதைப் போல. திருமலை நாயக்கர் பெயர் சொல்லும் மகால் ஒன்றும் ஊருக்குள் உண்டு. ஆண்டாளுக்குப் பூசை முடிந்த மணியோசையை மதுரை வரை கைமாற்றிக் கொடுக்க வழிநெடுக மண்டபங்கள் கட்டினார் நாயக்கர் என்று இங்கே சொல்வார்கள். பிறகு ராணி மங்கம்மாள் சாலை போட்டுச் சத்திரம் கட்டினார். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குக் கூரை கொடுப்பது இந்தப் பாதைக்குப் புதிதில்லை. சத்திரங்களிலும் கிணறும் சமையலும் ஒதுக்கமாகவே இருந்தன.

மறுநாள் பேரம் முடிந்தது. ஆர்க்கிடெக்ட் இரண்டு குளியலறைகளை விட்டுக்கொடுத்து, அறை எண்ணிக்கையை நாலாக்கினார். நாலு குளியலறையும் பழைய மாட்டுத்தொழுவம் இருந்த பக்கம் போகும். புதுச் சுவர் சிமென்டிலேயே எழும். பழைய சுவரோடு சேராமல் நாலு விரல் இடைவெளி விட வேண்டும் என்பது கொத்தனாரின் நிபந்தனை. குழாய்க்காகப் பழைய சுவரை ஒரு இடத்திலும் கொத்தக் கூடாது. வெளியே தெரிந்தால் தெரியட்டும். வீட்டுக்காரருக்கு முகம் வாடியது. இரண்டு அறை வாடகை போகிறதே.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது முதல் குளியலறை தயாராகியிருந்தது. தூம்பைச் சாக்குத்துணியால் அடைத்து, தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி வைத்திருந்தார் கொத்தனார். ராத்திரி முழுக்க நிற்கட்டும் என்றார். காலையில் நான் போனபோது, இடைவெளிக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, பழைய சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்திருந்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். சுவர் காய்ந்திருந்தது. "இன்னும் ஒரு நாள் நிக்கட்டும்" என்றார்.