சிவப்புப் புள்ளிக்கு எத்தனை ரூபாய்?

துப்பாக்கி என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். இது ஏர் ரைஃபிள் கதை. பத்து மீட்டர் தள்ளி ஒட்டிய காகிதத்தைச் சுடுகிற விளையாட்டு. அந்த ரைஃபிளின் மேல் மாட்ட 2,200 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்குவதா, 55,000 ரூபாய்க்கு ஒன்று வாங்குவதா என்று ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட பி.காம். மாணவன் ஒருவனின் கதை.

பையனுக்கு ஊர் பூதப்பாண்டி பக்கம். நாகர்கோவிலில் கல்லூரி. என்.சி.சி. முகாம் ஒன்றில் பாயிண்ட் டூ டூ ரைஃபிளை முதல்முறை தொட்டான். படுத்துக்கொண்டு 25 கஜத்தில் சுட்ட ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி விழுந்தன. அன்றைக்குப் பிடித்த பித்து. ஞாயிற்றுக்கிழமைகளில் வடசேரியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கினான். 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றல். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி இந்த அளவுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்.

சுட இடம் வேண்டுமே? அரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வெளியில் சுட்டால் அந்தத் துளியூண்டு ஈயக் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அம்மாவின் அண்ணன் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து பென்ஷனில் வந்தவர். அவருடைய பழைய ரைஸ் மில் கட்டிடம் சும்மா கிடந்தது. சாவியைக் கொடுக்கும்போது மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மக்கா, தேரூர் குளத்துப் பக்கம் இதத் தூக்கிட்டுப் போனேன்னு கேள்விப்பட்டா, துப்பாக்கியக் கொளத்துல வீசிருவேன், கேட்டியா? கொக்கு, நாரை ஒண்ணையும் தொடப்படாது."

சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியவை. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் கன்னுக்கும் பொருந்தும். பையனுக்கு அந்த ஆசையே கிடையாது. அவனுக்கு வந்த ஆசை வேறு.

யூடியூபில் பார்த்தான். ரைஃபிளின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குள் சிவப்பாக ஒரு புள்ளி. புள்ளியை எங்கே வைக்கிறார்களோ அங்கே அடி விழுகிறது. பெயர் ரெட் டாட் சைட்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. வளைந்த ஒரு கண்ணாடி, அதன் குவியத்தில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகக் கண்ணுக்கு வருவதால், புள்ளி வெகுதூரத்தில் மிதப்பது போலத் தெரியும். சாதாரண இரும்பு சைட்டில் பின் சைட், முன் சைட், குறி என்று மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். இதில் புள்ளியும் குறியும் மட்டும்தான். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே சுடலாம். பிரதிபலிக்கும் கண்ணாடியை வைத்துக் குறி பார்க்கும் யோசனையை 1900-இல் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் என்பவர் கொடுத்தார். எழுபதுகளில் சுவீடனின் ஏய்ம்பாயிண்ட் கம்பெனி அதில் எல்.இ.டி.யை வைத்து விற்க ஆரம்பித்தது. 1997-இல் அமெரிக்க ராணுவம் அந்தக் கம்பெனியின் சைட்டைத் தன் படைக்கு எடுத்துக்கொண்டது.

பையன் முதலில் 2,200 ரூபாய்ச் சரக்கை வாங்கினான். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. முதல் வாரம் ராஜயோகம்! வந்தவன் போனவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

ஜூன் பிறந்தது. மற்ற மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மழைக்காலம்தான். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கண்ணாடிக்கு உள்ளே பனி மூட்டம் போல ஈரம் கோத்துக்கொண்டது. துடைக்க வழியில்லை, ஏனென்றால் ஈரம் உள்ளே. அது போகட்டும், வெயில் வந்தால் காய்ந்துவிடும். இன்னொரு கோளாறுதான் அவனைக் கவிழ்த்தது. நேற்று நடுவில் விழுந்த குண்டு இன்று இடப்பக்கம் விழும். திருகித் திருத்தினால் நாளைக்கு மேலே விழும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் சுபாவம் இங்கே முக்கியம். பெரிய துப்பாக்கி சுட்டால் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் உள்ளே இருக்கும் கனத்த பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது முன்னால் ஒரு வெட்டு வெட்டும். இந்த இரட்டை உதையைத் தாங்கும்படி செய்யாத கண்ணாடி எதுவானாலும் உள்ளே மெல்ல மெல்ல இளகும்.

பையனுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அடி சிதறுகிறது. காமர்ஸ் மாணவன் அல்லவா, ஒரு லெட்ஜர் நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு நாள் அடியையும் எழுதி வந்தான். ஜூனில் 40 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்த ஐந்து குண்டு ஆகஸ்டில் 70 மில்லிமீட்டருக்குச் சிதறியது. மூச்சைப் பிடிப்பதை மாற்றினான். நிற்கும் நிலையை மாற்றினான். டீயை விட்டான். கை நடுங்குகிறது என்று முடிவு கட்டினான். முகாமில் தீப்பெட்டிக்குள் அடங்கியது வெறும் அதிர்ஷ்டம் என்று நண்பர்களிடம் அவனே சொல்ல ஆரம்பித்தான். ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கியது. கொடுக்கவில்லை.

மலிவுப் பொருளின் உண்மையான விலை இதுதான். 2,200 போனது போனதுதான், அதைத் தலை முழுகிவிடலாம். தப்பு கருவியில் இருக்கும்போது தப்பு தன்னிடம் இருக்கிறது என்று ஒருவனை நம்பவைத்தால், அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியில் கருவியின் மேலும் சந்தேகம் வந்தது. வந்தவுடன் அடுத்த முனைக்கு ஓடினான். வாங்கினால் ஏய்ம்பாயிண்ட் மாதிரிதான் வாங்க வேண்டும்! சில மாடல்கள் ஒரே பேட்டரியில் 50,000 மணி நேரம் எரியும். அணைக்காமலே விட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல். தண்ணீருக்குள் முக்கினாலும் ஒன்றும் ஆகாது. வரியெல்லாம் சேர்த்து 55,000 ஆகும் என்று கணக்குப் போட்டான். மஸ்கட்டில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டான், அடுத்த லீவில் வரும்போது கொண்டுவர முடியுமா என்று.

"மக்களே, ஏர்போர்ட்ல ஸ்கேன் பண்ணும்போது துப்பாக்கிச் சாமான்னு தெரிஞ்சா எனக்க விசா என்னாகும்? பதினாறு வருசமா இங்க கெடக்கேன். வேற என்ன வேணும்னாலும் கேளு."

சித்தப்பா இல்லாவிட்டால் என்ன, முறையாக வரவழைத்துக் கொடுக்கும் கடை இருக்காதா? அடுத்தது பணம். அம்மா போட்டிருந்த சீட்டு அந்த மாதம் விழுந்திருந்தது, 50,000. தங்கச்சியின் கல்லூரி அட்மிஷனுக்காக வைத்தது. தயங்கித் தயங்கிக் கேட்டான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அம்மா ஒரு நிமிஷம் பேசவில்லை.

"உனக்கு அவ்வளவு முக்கியம்னா எடுத்துக்கோ மக்கா. அவளுக்கு வேற வழி பாப்போம்."

திட்டியிருந்தால் எடுத்திருப்பான். இப்படிச் சொன்னதும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் நேரே மாமாவிடம் போனான், அவர் வாயால் "வாங்கு" என்று கேட்டுவிட்டால் மனசு ஆறும் என்று.

மாமா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "எதுக்குலே உனக்கு அது?"

"குறி பாக்கதுக்கு மாமா."

"எத்தன தூரம்?"

"பத்து மீட்டர்."

"எவ்வளவு நேரம் இருக்கு ஒரு வெடிக்கு?"

"ஒரு நிமிசம்கூட எடுக்கலாம்."

மாமா சிரித்தார். "நாங்க இன்சாஸுல இரும்பு சைட்ட வச்சுக்கிட்டு ராத்திரி காட்டுக்குள்ள கெடந்தோம். அன்னைக்கு இந்த மாதிரி நல்ல சாமான் ஒண்ணு கையில கெடச்சிருந்தா கும்பிட்டு வாங்கியிருப்போம். எதிர்ல ஆளு வந்தா அரை செகண்டுதான். ரெண்டு கண்ணும் தொறந்திருக்கணும். அங்க புள்ளி அணைஞ்சா ஆளு போயிரும். அதுக்கு எத்தன ஆயிரம்னாலும் கொடுக்கலாம். ஒனக்க முன்னால நிக்கது காகிதம்லா? அது எங்கயும் ஓடாது."

பிறகு பேப்பரும் பேனாவும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். ரெட் டாட்டின் புள்ளியை எம்.ஓ.ஏ. என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு முழு வட்டத்தில் 21,600 எம்.ஓ.ஏ. பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 62,832 மில்லிமீட்டர். வகுத்தால் ஓர் எம்.ஓ.ஏ. 2.9 மில்லிமீட்டர். அவனுடைய மலிவு சைட்டின் புள்ளி 4 எம்.ஓ.ஏ. என்று பெட்டியில் போட்டிருந்தது. அதாவது 11.6 மில்லிமீட்டர். ஏய்ம்பாயிண்டின் 2 எம்.ஓ.ஏ. புள்ளிகூட 5.8 மில்லிமீட்டர்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் காகிதத்தில் பத்து மார்க் என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. ஒன்பதாவது வட்டம் 5.5 மில்லிமீட்டர். 55,000 ரூபாய் கொடுத்து வாங்கும் புள்ளி, ஒன்பதையும் பத்தையும் சேர்த்து மூடிவிடும்! கறுப்பு வட்டத்தின் நடுவில் உத்தேசமாக வைக்கலாம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு இவ்வளவு கிட்டத்தில் கண் சற்று விலகினால் புள்ளியும் விலகும். இந்தப் பிழை நல்ல சைட்டிலும் கொஞ்சம் உண்டு.

மாமா ஸ்பேனரை எடுத்துச் சைட்டைக் கழற்றினார். ரைஃபிளோடு வந்த இரும்பு சைட்டில் ஐந்து குண்டு சுடச் சொன்னார். முதல் வரிசை சரியில்லை. இரண்டாவது பரவாயில்லை. நாலாவது காகிதத்தில் ஐந்தும் 25 மில்லிமீட்டருக்குள். பையன் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதமாக அவன் திட்டிக்கொண்டிருந்த கை ஒரு தப்பும் செய்யவில்லை.

அடுத்த வாரம் கல்லூரியில் போட்டி விதியை வாங்கிப் படித்தான். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பத்து மீட்டர் ரைஃபிளில் நம் ஊரில் இரண்டு பிரிவு: ஓபன் சைட், பீப் சைட். இரண்டிலும் ரெட் டாட்டுக்கு இடமில்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளை வென்றதும் பீப் சைட்டின் சின்னத் துளை வழியாகப் பார்த்துத்தான். 2,200-ஆ 55,000-ஆ என்று ஒரு வருடம் யோசித்தவன், இரண்டுமே மேடை ஏறாது என்பதைக் கடைசியில்தான் கண்டுபிடித்தான்.

விலை ஏறினால் நம்பிக்கை தானாக ஏறும் என்பதும் அவன் படித்த வரையில் முழு உண்மையாக இல்லை. ஈயோடெக் என்ற பெயர்பெற்ற அமெரிக்க சைட். ராணுவமே வாங்கியது. கடும் குளிரிலும் ஈரமான இடங்களிலும் பயன்படுத்தும்போது அதில் கோளாறு வருகிறது என்று தெரிந்தும் சொல்லாமல் விற்றதாக அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, 2015-இல் தாய்க் கம்பெனி 2.56 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. பிரீமியம் என்று கொடுக்கும் பணம் முக்கால்வாசி நம்பிக்கைக்காகத்தான். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று கேட்காமல் கொடுத்தால், அதுவும் மலிவுச் சரக்கு வாங்கிய மாதிரிதான்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று படிக்கிறார்கள். ஒன்றுக்குச் செலவழித்தால் விட்டுப்போகிற இன்னொன்றின் மதிப்பு. தேர்வில் எழுதி மார்க் வாங்குவதோடு சரி. பையனுக்கு அது தங்கச்சியின் அட்மிஷன் ரசீது வடிவத்தில் வந்தது. சீட்டுப் பணம் போக வேண்டிய இடத்துக்கே போனது. அவன் கணக்கு எழுதிய காசில் நல்ல ஈயக் குண்டு பத்து டப்பா வாங்கினான்.

இதைப் படித்துவிட்டு யாராவது இப்படி ஒரு சாமான் வாங்கப் போனால், அது ரெட் டாட்டோ, கேமராவோ, லேப்டாப்போ, மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இது எதற்கு? இது பழுதானால் என்ன போகும்? பழுதானது எனக்குத் தெரியுமா, அல்லது என்னையே சந்தேகப்படுவேனா? பழுதானால் உயிர் போகும் என்றால் கடன் வாங்கியாவது நல்லதை வாங்க வேண்டும். விளையாட்டுதான் என்றால் மலிவானது போதும், ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். தேவையே இல்லை என்றால் இரண்டும் அதிக விலைதான்.

பையன் அடுத்த முறை ஓபன் சைட் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். பரிசு ஒன்றும் வரவில்லை, நடுவில் எங்கேயோ ஓர் இடம். திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். விலகிப்போன குண்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிந்தது: இங்கே மூச்சு, இங்கே அவசரம், இங்கே விரல். எல்லாம் அவனுடைய தப்பு. அதனாலேயே சந்தோஷமாக இருந்தான். தன் தப்பென்றால் திருத்திக்கொள்ளலாமே.

அந்த 2,200 ரூபாய்க் கண்ணாடி இப்போது ரைஸ் மில் ஜன்னலில் கிடக்கிறது. லெட்ஜரில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ரொம்ப நாள் யோசித்துவிட்டு, கடைசியில் "கல்விக் கட்டணம்" என்று எழுதி வைத்திருக்கிறான்.