முருங்கையை வெட்ட வேண்டாம். பகலில் அடிமரத்தைப் பாருங்கள்

கரூரிலிருந்து திண்டுக்கல் சாலையில் தெற்கே வந்து, மலைக்கோவிலூர் தாண்டி அரவக்குறிச்சிப் பக்கம் திரும்பினால் முருங்கைச் சீமை தொடங்கிவிடும். கிளுவை வேலி போட்ட காடுகள், இடையிடையே பனை, மற்றபடி வரிசை வரிசையாக முருங்கை. தோப்பு இல்லாத வீட்டிலும் வாசலில் ஒரு மரம் நிற்கும். குழம்புக்குக் காய், பொரியலுக்குக் கீரை இரண்டும் அதிலிருந்துதான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போயிருந்தேன். தெருவில் பல மரங்கள் இலையில்லாமல் குச்சியாக நின்றன. ஒரு வீட்டு அம்மா வாசலுக்கே வந்து கேட்டார்: “ஏனுங்க சார், மரத்த வெட்டிப் போட்டறலாமுங்களா? புள்ளைக வாசல்ல வெளையாட முடியலீங்க. பக்கத்துக் காட்டுக்காரரு மருந்து அடிக்கச் சொல்றாருங்க.”

இரண்டும் வேண்டாம் என்றேன். வீட்டு மரத்தில் கீரையை நாளை பறித்துச் சமைப்போம். அதன் மேல் விஷ மருந்து அடிப்பது புழுவைவிடப் பெரிய தொல்லை.

முருங்கைக் கம்பளிப்புழுவின் பழக்கமே நமக்கு வழி காட்டுகிறது. மழைக்குப் பிறகு தாய் அந்துப்பூச்சி இலையிலும் இளந்தண்டிலும் கூட்டமாக முட்டையிடும். வளர்ந்த புழுக்கள் இரவில் மேலே ஏறி இலையைத் தின்னும், பட்டையையும் சுரண்டும். பகலில் இறங்கி அடிமரத்தில் கம்பளி போர்த்தியதுபோல் மொத்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக, உச்சிக்குப் போக வேண்டியதில்லை. எதிரி பகலில் கை எட்டும் உயரத்தில் இருக்கிறான்.

செய்ய வேண்டியவை இவை:

1. முட்டைக் குவியலும் இளம்புழுக்களும் உள்ள இலைகளைக் கிள்ளி அழியுங்கள்.

2. பகலில், நீளக் கைப்பிடி கட்டிய விளக்குமாற்றால் அடிமரத்துப் புழுக்களைக் கூட்டித் தள்ளி, சோப்புக் கரைசல் உள்ள வாளியில் போடுங்கள். ரோமம் பட்டால் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, கையில் உறை மாட்டி, முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

3. கூட்டம் அதிகமானால் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் கரைத்து, அடிமரத்துப் புழுக்கள் நனையும்படி தெளிக்கலாம்.

4. தோப்பு வைத்திருப்பவர்கள் மழை பெய்தவுடன் எக்டருக்கு ஒரு விளக்குப்பொறி வையுங்கள். முட்டையிடும் முன்பே அந்துப்பூச்சி சிக்கும்.

5. புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். மரத்தடியை மேலாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலில் காயும்; பறவைகளும் பொறுக்கும்.

தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம்; புழு சாகும் என்பது உண்மைதான். ஆனால் முருங்கை மெதுமரம். பந்தம் ஒரே இடத்தில் நின்றால் பட்டை வெந்துவிடும். ஓலைக் கூரை, வைக்கோல் போர் அருகில் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

இலை போன மரம் செத்த மரமல்ல. புழுவை ஒழித்துவிட்டால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே மறுபடி துளிர்த்துவிடும். வெட்டினால் அடுத்த கீரைக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். புழு மழைதோறும் வரக்கூடியது. ஆகவே மழை விட்ட மறுநாளிலிருந்து தினமும் ஒருமுறை அடிமரத்தைச் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். பத்துப் புழுவாக இருக்கும்போது வேலை ஐந்து நிமிடம்தான்.