கூட்டிப் பெறாத தொகை

நம் தமிழ்த்துறை அறிவியற் கலைச்சொற்றொகுதி ஒன்றை உருவாக்க முனைந்தபோது மின்னியற் பகுதி நம் பங்கிற்கு வந்து சேர்ந்தது. ‘அண்டை நாடுகளுக்கிடையேயான மின்பரிமாற்றத் திறன்’ என்னும் தொடருக்கு விளக்கம் எழுதும் பொறுப்பும் அதனுள் அடங்கும். யாப்பும் அணியும் பயிற்றி வந்த நமக்கு இஃது எளிய பணியாகவே தோன்றிற்று. எல்லையைக் கடக்கும் மின்தடங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு சுமக்கும் எனக் கண்டு கூட்டினால் விடை கிடைத்துவிடாதா? “இணைப்புத் தடங்களின் திறன்களது கூட்டுத்தொகை” என ஒரே வரியில் எழுதி முடித்தோம்.

லுஹர் தொழுகை முடிந்து திரும்பிய இயற்பியல் துறை நண்பரிடம் அவ்வரியைக் காட்டினோம். “ஐயா, இதை நம்பினால் ஒரு நாடே இருளில் மூழ்கும்” என்றார். மிகையென்று எண்ணி நகைத்தோம். அவர் நகைக்கவில்லை, இத்தாலிக்கு நேர்ந்ததைச் சொன்னார்.

2003 செப்டம்பர் 28, பின்னிரவு. உரோமை நகரில் ‘வெள்ளை இரவு’ விழா. மக்கள் உறங்காது வீதிகளில் உலவிக்கொண்டிருந்தனர். இத்தாலி அவ்வேளை அண்டை நாடுகளிலிருந்து ஏறத்தாழ 6,900 மெகாவாட் மின்சாரம் பெற்றுக்கொண்டிருந்தது. 3 மணி 1 நிமிடத்திற்குச் சுவிட்சர்லாந்தின் மெட்லன்–லவோர்கோ தடத்திலிருந்து அருகிருந்த மரத்திற்கு மின்பொறி பாய, தடம் செயலிழந்தது. அதன் எல்லைக்குட்பட்ட சுமையையே அது அப்போது சுமந்திருந்தது என்பது கருதத்தக்கது. தடம் நின்றதே தவிர அதில் ஓடிய மின்சாரம் நிற்கவில்லை. ஏனைய தடங்களுக்குத் தாவிற்று. சில்ஸ்–சோவாட்சா தடம் மிகைச்சுமையால் சூடேறித் தொய்ந்தது. இறக்குமதியில் 300 மெகாவாட்டைக் குறைக்குமாறு கேட்டனர், குறைத்தனர், போதவில்லை. 3 மணி 25 நிமிடத்திற்கு அத்தடமும் மரத்தினாலேயே வீழ்ந்தது. பிறகு நொடிகளில் எஞ்சிய இணைப்புகள் யாவும் விலகின. சில நிமிடங்களில், சார்தீனியாத் தீவு நீங்கலாக, 5 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு இருண்டது.

ஆகவே கணக்கு கூட்டலில் இல்லை. மின்வலையின் மாதிரி ஒன்றை அமைத்து, விற்கும் நாட்டில் உற்பத்தியைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வாங்கும் நாட்டில் அதே அளவு தாழ்த்திச் செல்கின்றனர். ஒவ்வொரு படியிலும், ‘இந்தத் தடம் இப்போது வீழ்ந்தால் மற்றவை தாங்குமா?’ எனத் தடம்தோறும் வினவுகின்றனர். ஒன்றேனும் தாங்காத இடத்திற்கு முந்தைய படியே மொத்தத் திறன். அதிலிருந்தும் அறியாதவற்றிற்கென ஒரு பகுதியைக் கழித்த பின்னரே நிகரத் திறன் கிடைக்கிறது. மின்சாரம் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து வழி தேர்வதில்லை; பிரான்சு இத்தாலிக்கு விற்பதில் ஒரு பங்கு சுவிட்சர்லாந்தின் வழியாகவும் ஓடும். எனவே எல்லைக்கு எல்லை தனித்தனியே கணக்கிட்டாலும் பிழைதான்.

நாளைய நிலையைக் கணிப்பதே அரிது. அடுத்த ஆண்டிற்குரிய உரிமையை இன்றே விற்க வேண்டுமாயின்? எந்த மாதம் எந்தத் தடம் பழுதுபார்க்க நிறுத்தப்படும், மழை எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதை அறிந்தவர் யார்? கோடையில் கம்பி எளிதில் சூடாகும். குளிர்காலத்தில் அதே கம்பி கூடுதலாகச் சுமக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறை இதற்கு இரு வழிகளை ஏற்கிறது: பல சூழல்களைக் கற்பனை செய்து ஒவ்வொன்றிலும் சோதிப்பது ஒன்று, கடந்த ஆண்டுகளின் அளவுகளிலிருந்து புள்ளியியல் முறையில் பெறுவது மற்றொன்று. குறைத்துக் கணித்தால் மலிவான மின்சாரம் எல்லைக்கப்பால் வீணே நிற்கும். மிகுத்துக் கணித்தால், விற்ற உரிமையைப் பின்னர் வெட்டி இழப்பீடு தர நேரும். நமக்கென்னவோ, குறைத்துக் கணிப்பவரிடமே பரிவு தோன்றுகிறது.

நம் ஒருவரி விளக்கம் ஒன்பது வரிகளாயிற்று. கழிக்கும் அப்பகுதிக்குத்தான் சொல் அமையவில்லை. ‘விளிம்பு’ என்றோம்; மாணவர் தாளின் ஓரத்தை நினைத்தனர். ‘கழிவு’ என்றோம், குப்பை நினைவிற்கு வந்தது. முடிவில் ‘காப்பொதுக்கம்’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பினோம். இயற்பியல் நண்பர் மட்டும் இன்றும் அதை ‘மார்ஜின்’ என்றே சொல்லிவருகிறார்.