குண்டு தீர்ந்த அந்த சில நொடிகள்!

எதிரணிக்காரர் தடுப்பை விட்டு வெளியே ஓடி வருகிறார். குறி வைத்தாயிற்று. விசையை அழுத்தினால்... வெறும் காற்றுச் சத்தம்! லோடரில் ஒரு உருண்டைகூட இல்லை. மூடியைத் திறந்து, இடுப்பில் இருக்கும் குப்பியை உருவி, கொட்டி மூடுவதற்குள் நெஞ்சில் 'பொத்' என்று பெயின்ட். ஆட்டம் அவுட்!

பெயின்ட்பால் ஆடுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு சோகக் கதை இருக்கும். அதற்குப் பிறகு அவர்கள் தேடிப் போவதுதான் 'ஸ்பீடு ஃபீடு'.

அது என்ன? துப்பாக்கியின் தலையில் உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் லோடர். அதில் சுமார் 200 உருண்டைகள் பிடிக்கும். தீர்ந்தால் நிரப்ப, 140 உருண்டைகள் கொள்ளும் குப்பிகளை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். லோடரின் மூடியைக் கழற்றிவிட்டு, வளையும் பிளாஸ்டிக் இதழ்கள் கொண்ட வளையத்தைப் பொருத்துவதுதான் ஸ்பீடு ஃபீடு. நம் வீட்டு உண்டியல் வாய் மாதிரி... உள்ளே போகும், சுலபத்தில் வெளியே வராது. குப்பியின் வாயை அழுத்தினால் இதழ்கள் விலகும், எடுத்தால் மூடிக்கொள்ளும். மூடியைத் திறந்து மூடும் வேலையே இல்லை!

ஆனால், மழை வந்தால் சிக்கல். உருண்டையின் மேல்தோல் ஜெலட்டின். இதழ்களின் இடுக்கில் தண்ணீர் இறங்கினால் உருண்டை ஊதி, உள்ளேயே உடையும். அதனால் பழைய மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் மக்களே!

சரி, மூடியை மாற்றினால் ஜெயித்துவிடலாமா? இந்த விளையாட்டின் முதல் ஆட்டம் வேறு கதை சொல்கிறது. 1981 ஜூன் 27, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், ஹென்னிக்கர். மரங்களிலும் மாடுகளிலும் அடையாளம் வைக்கப் பயன்பட்ட பெயின்ட் துப்பாக்கிகளோடு 12 பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். கொடிகளைச் சேகரித்து வெளியே வர வேண்டும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட் என்ற வனத்துறைக்காரர். அவர் சுட்ட உருண்டைகள் எத்தனை தெரியுமா? பூஜ்யம்! சத்தமில்லாமல் நடந்தே கொடிகளை எடுத்து வந்துவிட்டார்.

ஸ்பீடு ஃபீடு மிச்சப்படுத்துவது ஓரிரு நொடிகளைத்தான். அந்த நொடிகள் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால், கண்டபடி சுட்டுத் தீர்க்கும் பழக்கத்தை எந்த மூடியும் மாற்றாது. லோடர் காலியாகும் முன்பே 'நிரப்புறேன், பார்த்துக்கோ' என்று கூட்டாளியிடம் குரல் கொடுப்பது, தடுப்புக்குப் பின்னால் முழுதாக ஒளிந்துகொண்டு நிரப்புவது... இதற்கெல்லாம் காசே வேண்டாம்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. நிரப்பும் அவசரத்தில் உருண்டை சரியாக விழுகிறதா என்று பார்க்க முகக்கவசத்தைத் தூக்கவே கூடாது. ஆட்டம் போனால் அடுத்த ஆட்டம் இருக்கிறது... கண் போனால்?