உனக்குத் தண்ணீர் வேண்டுமா?

அரபு இலக்கணம் கற்பிப்பவருக்கு ஆட்டிசம் மாநாட்டில் என்ன வேலை என்று காரைக்குடி ரயிலடியில் நண்பரொருவர் வினவினார். சிறப்புப் பள்ளி ஆசிரியையான என் தங்கை மகள் வற்புறுத்தி அழைத்தமையால்தான் விடியற்காலைப் பல்லவனில் சென்னைக்குப் புறப்பட்டேன். 2008 முதல் ஏப்ரல் 2-ஆம் நாளை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடித்து வருகின்றனர். அதனையொட்டிய மாநாடு அது.

முதலில் சொல்லே என்னைப் பிடித்து நிறுத்தியது. அரபியில் இதனைத் 'தவஹ்ஹுத்' என்பர். தனித்திருத்தல் என்பது பொருள். 'தவ்ஹீத்' பிறந்த அதே வேர். தமிழில் 'மதியிறுக்கம்' என்கின்றனர். எனக்கு இச்சொல் உவப்பாயில்லை. மதி இறுகிய பிள்ளை என்றால், அதை நெகிழ்த்தப் பிரம்பைத் தேடத்தானே தோன்றும்? நானும் தேடியவன்தான்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மக்தபில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓதினான். சூராக்களைப் பிழையின்றி ஒப்பிப்பான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். ஒருநாள் என் முன் வந்து நின்று, எங்கோ பார்த்தவாறு, "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்றான். உஸ்தாதை 'உனக்கு' என்பதா! பிள்ளைகள் சிரித்தனர். அடித்தேன். மாலையில் அவன் தாயாரை வரவழைத்து, "வளர்ப்பு சரியில்லையம்மா, கூட்டிக்கொண்டு போங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மாநாட்டில் பேசிய மருத்துவர், லியோ கானர் என்பார் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையை எடுத்துரைத்தார். அக்குழந்தைகள் 'நான்', 'நீ' என்பவற்றைக் காதில் விழுந்தபடியே திருப்பிச் சொல்வராம். "உனக்குப் பால் வேண்டுமா?" எனக் கேட்டுத் தாய் பால் கொடுத்தால், பால் வேண்டும்போது பிள்ளையும் அதே வாக்கியத்தையே சொல்லும். பிரதிப்பெயர்களை 'ளமீர்' என்று ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கும் எனக்கு உடல் வியர்த்தது. அன்று அவனுக்குத் தாகம்!

தாயின் அன்பின்மையே இதற்குக் காரணமென அமெரிக்காவிலும் பெரிய மருத்துவர்கள் ஒரு காலத்தில் நம்பினராம். தம் மகனிடமே இந்நிலையைக் கண்ட பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலறிஞர் 1964-இல் நூலெழுதி அதனை மறுத்தார். மூளை வளர்ச்சியிலேயே அமைந்த வேறுபாடு இது, வளர்ப்பின் குறையன்று. அதற்குப் பின் நடந்த சொற்பொழிவுகளில் என் மனம் செல்லவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன். தாயார் கதவோரம் நின்றார்.

"அன்று நான் சொன்னது தவறம்மா. பொறுத்துக்கொள்ள வேண்டும்."

நெடுநேரம் கழித்து, "இத்தனை வருசமும் அது சரிதானோன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் ஹஜ்ரத்" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

அவன் வெளியே வந்தான். இருபத்தாறு வயது, தாடி அரும்பியிருந்தது. என்னைப் பார்க்காமல், "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்றான்.

தாயார் அசைந்தார். நான் எழுந்து, திண்ணைப் பானையிலிருந்து ஒரு குவளை மொண்டு அவனிடம் கொடுத்தேன். குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து வைத்தான்.