கிளாம்பாக்கத்தில் இறங்கினால் கோயம்பேடு எவ்வளவு தூரம்?

வேங்கிக்காலில் இருந்து சென்னைக்கு என்ன தூரம் என்று கேட்டால், செஞ்சி, திண்டிவனம் வழியாக 190 கிலோமீட்டர் சொச்சம் என்பார்கள். கையில் 20 கிலோ அரிசிப் பையும் பக்கத்தில் உடம்பு முடியாத ஒருவரும் இருக்கும்போது அந்தக் கணக்கு உதவாது. பஸ் எங்கே இறக்கிவிடுகிறது, அங்கிருந்து எத்தனை வண்டி மாற வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தூரம்.

எனக்கு நிலம் ஒன்றே கால் ஏக்கர், கிணற்றுப் பாசனம். ஒரு போகம் தூயமல்லி, ஒரு போகம் மணிலா. நெல்லை வியாபாரிக்குப் போடாமல் அரிசியாக்கி, சென்னையில் பழக்கமான ஏழெட்டு வீடுகளுக்கு மாதம் ஒருமுறை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நேரடி விற்பனை பற்றி எங்கே பேசினாலும் வாடிக்கையாளரைப் பிடிப்பது, பொட்டலம் போடுவது என்று நிறையச் சொல்வார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும். செய்து பார்த்தால்தான் தெரியும், வேலையே அங்கேதான் இருக்கிறது.

நான்கு வருடமாக இன்னொரு காரியமும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரிக்குச் சிறுநீரகக் கோளாறு. மாதம் ஒருமுறை சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும். புறநோயாளிச் சீட்டு காலையில்தான். ஆக, ஒரே பயணத்தில் வைத்தியம், அரிசி இரண்டும் முடிந்தால்தான் கட்டுப்படியாகும். இரண்டு தடவை போய்வந்தால் அரிசியில் கிடைக்கிற லாபம் டிக்கெட்டுக்கே சரியாகிவிடும்.

எங்கள் அப்பா காலத்தில் பஸ் பாரிமுனைக்குப் போகும். அங்கிருந்து கொத்தவால் சாவடி நடக்கிற தூரம். தலையில் கூடையோடு இறங்குகிறவர்கள் நேராகச் சந்தைக்குப் போய்விடுவார்கள். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. 2002இல் பஸ் நிலையமும் அதே கோயம்பேட்டுக்கு வந்து சேர்ந்தது. சந்தையும் பஸ்ஸும் மறுபடி பக்கத்துப் பக்கத்தில். இரண்டு கூடை கத்தரியோ நாலு கட்டு வெற்றிலையோ வைத்திருக்கிற சின்ன விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எடுத்தார்களோ இல்லையோ, நாங்கள் இருபது வருடம் அதை அனுபவித்தோம்.

எனக்கும் அது தோதாக இருந்தது. ராத்திரி ஒரு மணி பஸ் ஏறினால் விடியற்காலை கோயம்பேடு. அரும்பாக்கம், அண்ணா நகர் வீடுகள் பக்கத்திலேயே. அவர்களே ஸ்கூட்டரில் வந்து பையை வாங்கிக்கொள்வார்கள். பிறகு அங்கேயே மெட்ரோ ஏறினால் சென்ட்ரல். ஏழரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்போம்.

2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறந்தார்கள். செஞ்சி வழி பஸ்கள் அங்கேயே நின்றுவிட்டன. நிலையம் என்னவோ பெரியதுதான், சுத்தமானதுதான். ஆனால் கோயம்பேடு அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முதல் தடவை விடியற்காலை நாலரைக்கு இறங்கினோம். மாநகர பஸ் நிற்கிற இடத்துக்கு இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. பஸ் பிடித்து, தாம்பரம் தாண்டி, குரோம்பேட்டை தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. "என்னங்க, இன்னும் சென்னை வரலையா?" என்று கேட்டாள். வந்து ஒரு மணி நேரம் ஆகிறது என்று எப்படிச் சொல்வது! அன்றைக்கு அரிசி வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்கள். ஒரு பையைத் திரும்ப ஊருக்கே சுமந்து வந்தேன்.

நகரத்து நெரிசல் குறைய இப்படி ஒரு நிலையம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தாம்பரம், மறைமலை நகர்ப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு லாபம்தான். கோயம்பேட்டையும் சென்ட்ரலையும் நம்பியிருந்தவர்களுக்குத்தான் நஷ்டம். ரயில் நிலையம் அமைவதற்கு முன்பே பஸ் நிலையத்தைத் திறந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. திறந்தபோது பக்கத்தில் இருந்தது வண்டலூரும் ஊரப்பாக்கமும்தான்.

ஒரு நாள் கண்டக்டர் ஒருவர் வழி சொன்னார். "அண்ணே, ஆஸ்பத்திரிக்குத்தானே? கிளாம்பாக்கம் வரைக்கும் வராதீங்க. கூடுவாஞ்சேரியிலயே இறங்கி மின்சார ரயிலைப் பிடிங்க." நல்ல யோசனை. ஸ்டேஷன் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே இருக்கிறது. கடற்கரை போகிற ரயிலில் உட்கார்ந்தால் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து ஆஸ்பத்திரி எதிரிலேயே. நோயாளியோடு மட்டும் போகிறவர்களுக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். ஸ்டேஷனில் படி ஏற வேண்டியிருக்கும், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வந்தது ரயில். 2024 மே 2ஆம் தேதி முதல், சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த மெமு ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது டிக்கெட் 50 ரூபாய். பஸ் கட்டணத்தில் பாதிகூட இல்லை. நீட்டியபோது அறிவித்த நேரப்படி காலை 4 மணிக்கு இங்கே புறப்பட்டு, போளூர், ஆரணி ரோடு, காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றி 9.50க்குக் கடற்கரை. மாலை 6 மணிக்கு அங்கே புறப்பட்டால் நள்ளிரவு 12 தாண்டி ஊர். பஸ்ஸைவிட நேரம் கூடத்தான். ஆனால் அவள் காலை நீட்டிக்கொண்டு வரலாம், நடுவழி ஓட்டல் வாசலில் பஸ் நிற்கிற வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

குறை நேரத்தில்தான். நாலு மணி வண்டிக்கு மூன்றேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வேங்கிக்காலிலிருந்து ஸ்டேஷனுக்கு அந்நேரத்தில் ஆட்டோக்காரர் கேட்கிற காசு ரயில் டிக்கெட்டைவிடப் பல மடங்கு. கடற்கரையில் இறங்கி மின்சார ரயில் மாறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் ஓட வேண்டியிருக்கிறது. வண்டி ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் வடக்கு மாவட்டத்து நோயாளிகள் எத்தனையோ பேருக்குப் புண்ணியமாகப் போகும்.

அரிசிக்கு ஒரு வழி கிடைத்தது. ஆவடியிலும் திருவள்ளூரிலும் புதிதாக மூன்று வீடு பிடித்தேன். அவர்கள் பிளாட்பாரத்துக்கே வந்துவிடுகிறார்கள். வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்று பையை இறக்கிவிடுவேன். பணம் போனில் வந்துவிடும். அரும்பாக்கத்துக்காரர்களுக்கு மட்டும் இந்த வழி சரிப்படவில்லை.

அவர்களுக்காக மாதக் கடைசியில் ஆரணி வழி பஸ்ஸில் தனியாகப் போகிறேன். போளூர் சாலை பஸ்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே போகின்றன, வேங்கிக்காலிலேயே ஏறிக்கொள்ளலாம். பூந்தமல்லி வழியாக நகரத்துக்குள் நுழைவதால் கோயம்பேடு பக்கம். மேற்குப் பக்கத்து பஸ்களுக்கென்று குத்தம்பாக்கத்தில் ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள். இந்த பஸ்களும் முழுதாக அங்கே மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

நிறையச் சரக்கு இருப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை பிடித்து, நடுராத்திரிக்குள் கோயம்பேட்டில் இறக்குவதுதான் லாபம். எங்கள் தெருவில் பூப் போடுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மகளிர் குழு அட்டை வைத்திருப்பவர்கள் குழுவின் பொருளை 25 கிலோ வரை அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் 100 கிலோமீட்டர் வரைதான். திண்டிவனமும் வேலூரும் அதற்குள் அடங்கும், சென்னை அடங்காது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புது ரயில் பாதை என்று 2006-07இல் அனுமதி கொடுத்தார்கள். அது வந்திருந்தால் சென்னைக்கு அரக்கோணம் சுற்ற வேண்டியதே இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகனுக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது.

பௌர்ணமியை மட்டும் மறந்துவிடாதீர்கள். கிரிவலக் கூட்டத்தில் மாலை ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது, ஊருக்குள் பஸ் நுழையாது. அடுத்த மாதம் எங்கள் ஆஸ்பத்திரித் தேதி சரியாகப் பௌர்ணமியன்று விழுகிறது. காலையில் ரயிலில் போய்விடுவோம். திரும்பும்போது போளூரில் இறங்கி மச்சான் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் கூட்டம் வடிந்த பிறகு வருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கு ஐந்து கிலோ அரிசி தனியாக எடுத்து வைத்தாயிற்று.