பைராம் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு மூச்சுச் செயலி

கவனப் பயிற்சிச் செயலி என்பது, பதற்றம் கூடும் நேரத்தில் மூச்சிலோ உடலிலோ சுற்றியுள்ள ஒலியிலோ மனத்தைச் சில நிமிடம் நிறுத்தப் பழக்கும் கைப்பேசிச் செயலி. இன்று ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று வழங்கும் இப்பயிற்சிக்கு வேர் பௌத்தம். பாலியில் ‘சம்மா சதி’ எனப்படுவதைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்பார்கள். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் அதைச் சமயச் சார்பற்ற மருத்துவப் பயிற்சியாக அமைத்தார். 2010இல் ஹெட்ஸ்பேஸும் 2012இல் ஆஸ்திரேலியாவின் ஸ்மைலிங் மைண்டும் தொடங்கப்பட்டன. பயிற்சி கைப்பேசிக்குள் வந்தது இவைபோன்ற செயலிகளின் வழியாகத்தான். சிறுவர்களுக்கான பகுதிகளும் இவற்றில் உண்டு. ஆனால் தமிழில் கணக்குப் போட்டு, தமிழில் பயப்படும் பிள்ளையை நினைத்து அமைந்தவை அல்ல அவை.

அத்தகைய பிள்ளைகள் படிக்கும் இடங்களில் ஒன்று பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலை அடுத்த கடலோரச் சதுப்புக்காட்டுப் பக்கம் இருக்கிறது பைராம். கரும்பில் தொடங்கி, ரப்பருக்கும் பின்னர் செம்பனைக்கும் மாறிய தோட்டங்கள் நிறைந்த வட்டாரம் இது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை அடுத்த ஆண்டு மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகவேண்டும். மலாய் போதாவிட்டால் இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பு. ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த மொழிமாற்றம் அப்படியேதான் இருக்கிறது. அந்த இடைநிலைப்பள்ளி வயதில் பதற்றம் அரிதும் அல்ல: மலேசியாவின் 2017ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வு ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 39.7 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் தென்பட்டன. கேள்வித்தாளில் தெரிந்த அறிகுறிகள் இவை; நோய் என்று மருத்துவர் உறுதிசெய்த கணக்கு அல்ல.

இப்பிள்ளைகளுக்கென ஒரு செயலி செய்தால், அதன் வேலை சொல்லில் தொடங்குகிறது. எட்டு வயதுப் பிள்ளை “எனக்குப் பதற்றமாக இருக்கிறது” என்று சொல்வதில்லை. “வயித்தக் கலக்குது”, “நெஞ்சு படபடங்குது”, “ஸ்கூலுக்குப் போவல” என்றுதான் சொல்லும். ஆகவே முதல் திரையில் உணர்ச்சிகளின் பட்டியலைப் போட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிள்ளை விழிக்கும். ஓர் உடல் உருவத்தை வரைந்து, எங்கே என்னவோ செய்கிறது என்று தொடச் சொன்னால் வயிற்றைத் தொட்டுவிடும். அதற்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தேவையில்லை.

அடுத்தது மூச்சு. வெளிமூச்சை நீட்டினால் இதயத்துடிப்பு தணியும் என்பதே பயிற்சியின் அடிப்படை. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று வைப்பது வழக்கம். பள்ளி வயதுப் பிள்ளை சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 18 முதல் 25 முறை மூச்சு விடுவதால், ஆறுக்கு இழுத்தால் திணறிப்போகும். மூன்று எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விடுவதில் தொடங்கி மெல்ல நீட்டுவதே பொருந்தும்.

அந்த மூச்சைத் திரையில் எதைக்கொண்டு காட்டுவது என்பதில் கைத்திறன் தெரியும். சதுப்புநிலப் பிள்ளைக்கு நண்டு நன்கு தெரியும் என்பதால், வளையிலிருந்து நண்டு வெளியே வரும்போது மூச்சை உள்ளே இழு என்று ஒரு காட்சி அமைத்தால் பார்க்க அழகாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கோளாறு புரியும்: கண் ‘வெளியே’ என்கிறது, காது ‘உள்ளே’ என்கிறது. கடலின் ஏற்றமும் வற்றமும் இந்தக் குழப்பத்தைத் தருவதில்லை. தண்ணீர் ஏறும்போது வயிறு ஏறும், வற்றும்போது வயிறு இறங்கும். இத்தகைய பிழைகளைக் கணினி வேலை தொடங்குமுன், நான்கு தாள்களில் வரைந்து பிள்ளைகளிடம் காட்டியே பிடித்துவிடலாம்.

செசமி வொர்க்‌ஷாப் மழலையருக்காக வெளியிட்ட செயலி இன்னொரு பாடம் தருகிறது. அதில் வருத்தப்படுவது பிள்ளை அல்ல, ஒரு குட்டிப் பூதம். பிள்ளை அதன் வயிற்றைத் தட்டித்தட்டி மூச்சை நிதானப்படுத்துகிறது. பிறகு இருவரும் சேர்ந்து வழி யோசிக்கிறார்கள். “உனக்கு ஏதோ குறை” என்று யாரும் சொல்லாமலேயே பயிற்சி நடந்துவிடுகிறது.

குரலும் அப்படியே. செய்தி வாசிப்பவர்போல் “கண்களை மூடிக்கொள்ளவும்” என்றால் பிள்ளைக்குத் தேர்வு மண்டபம் நினைவுக்கு வரும். “கண்ண மூடிக்கலாம், பிடிக்கலன்னா தரையில ஒரு புள்ளியப் பாத்துக்கிட்டே இரு” என்பது பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பேச்சு. கண்ணை மூடினாலே பயம் கூடுகிற பிள்ளைகளும் இருப்பதால் அந்த இரண்டாவது வழி கட்டாயம் வேண்டும்.

கைப்பேசி அம்மாவுடையது, இணையம் விட்டுவிட்டு வரும் என்று வைத்துக்கொண்டே வடிவமைக்கவேண்டும். அளவு சிறிதாக, இணையமின்றி இயங்குவதாக, ஒரு பயிற்சி மூன்று நிமிடத்தில் முடிவதாக இருப்பது நல்லது. விளம்பரம், தொடர்வருகைப் பரிசு, “இன்று நீ வரவில்லையே” என்ற அறிவிப்பு எதுவும் கூடாது. ஒருநாள் தவறியதற்கே பிள்ளை கவலைப்படும் என்றால், செயலி தீர்க்க வந்ததையே வளர்க்கிறது என்று பொருள். பிள்ளை தொட்டுக் காட்டியவை கைப்பேசியைவிட்டு வெளியே போகவும் கூடாது.

எல்லாப் பயமும் தணிக்கப்படவேண்டியது அல்ல. 2022 ஜனவரியில் பைராம் பக்கத்துப் புலாவ் பூரோங் குப்பைமேட்டில் தீப்பிடித்துச் சுற்றுவட்டாரத்தைப் புகை சூழ்ந்தது. அத்தகைய நாளில் “ஆழமாக மூச்சை இழு” என்பது கெடுதலான அறிவுரை. பாதத்தைத் தரையில் அழுத்துவது, கேட்கும் மூன்று ஒலிகளை எண்ணுவது என மூச்சைத் தொடாத பயிற்சிகள் அதனால்தான் தேவைப்படுகின்றன. வீட்டில் அடி, பள்ளியில் மிரட்டல் என்று பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், அதைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவது செயலியின் வேலை அன்று. “இதை யாரிடம் சொல்வாய்?” என்று கேட்டு, பிள்ளை நம்பும் பெரியவரிடமோ 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசியிடமோ அது கொண்டுபோய் விடவேண்டும்.

பயன் எவ்வளவு என்பதிலும் நிதானம் வேண்டும். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயதுள்ள எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடையே நடந்த மைரியட் ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. வகுப்புக்கே மொத்தமாகக் கற்பித்த கவனப் பயிற்சி, வழக்கமான மனநலப் பாடத்தைவிடக் கூடுதல் நன்மை தரவில்லை. பலர் வீட்டில் அதைச் செய்யவேயில்லை. ஆகவே எத்தனை முறை திறந்தார்கள் என்பது செயலிக்கு அளவுகோல் ஆகாது. வயிறு கலங்கும் காலையில் பிள்ளை கைப்பேசி இல்லாமலேயே வயிற்றில் கைவைத்து மூன்று எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுகிறதா, முடியாதபோது பக்கத்திலிருக்கும் பெரியவரைக் கூப்பிடுகிறதா என்பவையே பார்க்கவேண்டியவை.